உஷார்! சோதனைத் தாளைக் காட்டி விற்கிறார்களா? முதலில் காடியைத் தூக்கிப் பாருங்கள்

பினாங்கில் பழைய கஞ்சிலோ விவாவோ மைவியோ வாங்க முன்பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். "புஸ்பாகோம் பாஸ் ஆன காடி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்" என்று விற்பவர் சொல்வார். புஸ்பாகோம் வாகனச் சோதனை நடத்தும் நிறுவனம்தான். ஆனாலும் தயவுசெய்து கண்ணை மூடாதீர்கள்.

மலேசியாவில் சொந்தக் காருக்கு ஆண்டுச் சோதனை கிடையாது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உண்டு. கிராப் ஓட்டும் கார் மூன்று வயதைத் தாண்டினால் அதுவும் ஆண்டுதோறும் போக வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் நம் வீட்டுக் காரை யாரும் கூப்பிடுவதில்லை. இன்சூரன்சையும் ரோட் டேக்ஸையும் புதுப்பித்தால் போதும், அடுத்த வருடமும் ஓடலாம். கஞ்சில் 1994இல் வந்து 2009இல் நின்றுபோன கார். சாலையில் இன்று பார்க்கும் கடைசிக் கஞ்சிலுக்கே வயது பதினைந்துக்கு மேல். முதல் மைவி 2005இல் வந்தது. இவற்றில் பல, ஆள் மாறும் நாளில் மட்டும்தான் சோதனைக்கூடத்தின் வாசலைப் பார்க்கின்றன.

அந்த நாளில் நடக்கும் பி5 சோதனையின் முதல் வேலை, காடி யாருடையது என்று உறுதி செய்வது. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவோடு பொருந்துகின்றனவா, திருட்டுக் காடியா, இரண்டு காடிகளை வெட்டி ஒட்டியதா என்று பார்க்கிறார்கள். மிகவும் தேவையான வேலைதான். ஆனால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிரிட்டனின் ஆண்டுச் சோதனைகூட எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸின் நிலையைப் பார்ப்பதில்லை என்று அந்த அரசே மக்களுக்குச் சொல்கிறது. எந்த ஊர்ச் சோதனையும் அன்றைய நிலையைத்தான் காட்டும். அந்த ஒரு நாளைக்கு மட்டும் நல்ல டயரை மாட்டிக்கொண்டு வந்தால், மறுநாள் கழற்றப்படுவது யாருக்குத் தெரியும்?

1994இல் தொடங்கிய புஸ்பாகோமின் தனியுரிமை 2024 ஆகஸ்டு 31ஆம் தேதியோடு முடிந்தது. மற்ற நிறுவனங்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. வரிசை குறையும், நல்லதுதான். ஆனாலும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. எங்கே சுலபமாகப் பாஸ் ஆகும் என்று தேடிப் போகும் கூட்டம் உருவாகிவிட்டால், அந்தத் தாளுக்கு இன்று இருக்கும் மதிப்பும் போய்விடும்.

இனி நம் தீவின் விஷயத்துக்கு வருகிறேன். 2017 நவம்பரில் ஜார்ஜ் டவுனும் எதிர்க்கரையும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் மூழ்கியது. அப்படி நீரில் கிடந்த கார்களைக் கழுவி, சீட்டை மாற்றி, வாசனை அடித்துவிட்டால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சேஸிஸ் எண் சரியாகவே இருக்கும். ஆகவே நீங்கள்தான் தேட வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். சீட்டின் அடித்தண்டவாளத்தில் இருக்கும் போல்ட்டுகள், ஸ்பேர் டயர் கிடக்கும் குழி, டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர்கள் சேரும் இடம் ஆகியவற்றில் துருவோ வண்டலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஏர்பேக்கை இயக்கும் பெட்டி பல கார்களில் கியர் பக்கத்தில் தரையோடு தாழ்வாக இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீரே அதைக் கெடுக்கப் போதும். கெட்டது மோதும் வரை தெரியாமலும் போகலாம்.

ஜெட்டிப் பக்கம், தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி என்று கடலோரத்தில் வருடக்கணக்கில் நின்ற காருக்கு உப்புக் காற்றே எதிரி. கஞ்சிலின் தகடு மெலிசு. அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். கணீர் என்ற சத்தம் வராமல் பொதபொத என்று இருந்தால், பூச்சுக்குள்ளே தகடு போய்விட்டது.

850 கஞ்சிலில் ஓடுவது டைமிங் பெல்ட். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றரை கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தின் நடுவில் அது அறுந்தால், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். மைவியில் செயின் என்பதால் அந்தப் பயம் குறைவு. அதில் முன்சக்கரங்களைக் கவனியுங்கள். மேடுபள்ளத்தில் டொக் டொக் என்றால் லோவர் ஆர்ம் புஷ்ஷோ அப்சோர்பரோ ஸ்டியரிங் ரேக்கோ தேய்ந்திருக்கலாம். ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

என்னை அதிகம் பயமுறுத்துவது பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அந்தத் தரம் கேட்பது 140 டிகிரிதான். பாலிக் பூலாவிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக, ஐந்து பேரோடு, பிரேக்கை மிதித்தபடியே மலையிறங்கும் சின்னக் காரில் அந்தச் சூடு வர அதிக நேரம் பிடிக்காது. எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஈரப்பதமான நம் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு டயரின் விலைகூட வராது.

டயர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த வயதுடைய ரப்பரை நம்பாதீர்கள்.

பழைய ஹோண்டா சிட்டி, ஜாஸ் தேடுகிறவர்களுக்கு: தகாதா ஏர்பேக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவுக்கு வெளியே அது பறித்த முதல் உயிர் நம் நாட்டில், 2014 ஜூலையில், சரவாக்கின் சிபுவில், 2003ஆம் ஆண்டு சிட்டி ஒன்றில் போனது. இறந்தவர் ஒரு கர்ப்பிணி. வெயிலும் ஈரமும் சேர்ந்து அதன் உள்ளேயுள்ள வெடிமருந்தைக் கெடுத்துவிடும், பிறகு அது உலோகத் துண்டுகளை முகத்தை நோக்கி வீசும். பினாங்கில் இரண்டுக்கும் குறைவில்லை. சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டாலே தெரிந்துவிடும். இலவசமாக மாற்றித் தருகிறார்கள். பழைய கார் மூன்றாம், நான்காம் கைக்குப் போனபின் அழைப்புக் கடிதம் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். அதனால் நீங்களே பாருங்கள், இன்றே பாருங்கள்.

சிங்கப்பூரில் மூன்று வயது முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து வயதுக்குமேல் ஆண்டுதோறும் சோதனை உண்டு. பிரிட்டனில் நம்பர் பிளேட்டைத் தட்டினால் அந்தக் காரின் பழைய சோதனைகளில் கண்ட குறைகளும் ஓடிய மைல்களும் யாருக்கும் இலவசமாகத் தெரியும். நமக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும் என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அது வரும் வரை, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத பட்டறைக்குக் காரைக் கொண்டுபோய், லிஃப்டில் ஏற்றி, உங்கள் ஃபோர்மேனோடு நீங்களும் அடியில் நின்று பாருங்கள். தூக்க விடமாட்டேன் என்கிறவரிடம் ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்காதீர்கள்.