குழலின் கடைசி விளிம்பு

அமெரிக்காவில் தன் அளவுக்கும் ருசிக்கும் ஏற்ப ஒரு வேட்டை ரைபிளைத் தனியாகச் செய்வித்துக்கொள்ளும் ஒருவர், வால்நட் கட்டையின் ரேகைகளிலும் எஃகில் செதுக்கப்படும் சித்திர வேலையிலும் எவ்வளவு மனத்தைச் செலுத்தினாலும், குண்டு போய்ச் சேரும் இடத்தை நிர்ணயிப்பதில் பிரதான ஸ்தானம் குழலுக்கே உரியது என்பது என் திடமான அபிப்பிராயம். குறி தவறினால் வேட்டைக்காரருக்கு ஏமாற்றம் மட்டுமே; ஆனால் குறை காயத்தோடு காட்டுக்குள் ஓடி மறையும் மானுக்கோ அது நெடு நேரச் சித்திரவதை. ஆகையால் இந்த நுணுக்கத்தை வெறும் பொழுதுபோக்கு விஷயமாகக் கருதுவதற்கில்லை.

குழலின் உட்புறத்தில் திருகு போல வளைந்து செல்லும் பள்ளங்கள், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவே ஆழமுள்ளவை. எனினும் சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல் குண்டு முனை பிறழாமல் செல்வது அவற்றால்தான். 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாகி, பின்பு வேட்டைக்காரர்களிடம் பெரும் செல்வாக்குப் பெற்ற .30-06 தோட்டாவை எடுத்துக்கொண்டால், பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், நொடிக்கு 2,700 அடி வேகத்தில் வெளிப்படும் குண்டு நொடிக்கு 3,200 தடவைக்கு மேல் சுழல்கிறது. அத்தகைய வேகத்தில் குண்டின் சமநிலையில் உள்ள மிக அற்பமான குறையும் தூரத்தில் பெரிய விலகலாக முடியும்.

இதை ஆயுள் முழுவதும் சிரத்தையோடு ஆராய்ந்தவர் மாசசூசெட்ஸைச் சேர்ந்த பிராங்க்ளின் மான் என்ற வைத்தியர். மனிதக் கையின் நடுக்கம் குறுக்கிடாதபடி, அசையாத கனத்த பீடத்தின்மேல் ஆங்கில V எழுத்தின் வடிவான தாங்கியில் குழலைக் கிடத்திச் சுட்டும், வழி நெடுகக் காகிதத் திரைகளை நிறுத்திக் குண்டின் போக்கைக் கவனித்தும் அவர் கண்டவை 1909-இல் நூலாக வெளிவந்தன. குண்டின் முனையைச் சிதைத்தாலும் அதிகக் கேடில்லை, அடிப்பாகம் கோணினால்தான் குறி கெடுகிறது என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. குண்டு குழல் வாயைக் கடக்கும் கணத்தில், பின்னால் உந்திவரும் வாயு எப்புறமும் சமமாக வெளியேற வேண்டும். வாயின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், வாயு அவ்வழியே முந்திப் பாய்ந்து குண்டின் அடியைத் தள்ளிவிடும். ஆகவே மற்ற எல்லாம் சீராக அமைந்த குழலையும் அந்தக் கடைசி விளிம்பின் பழுது கெடுத்துவிடக்கூடும். வைத்தியர் மான் தம் சோதனைகளுக்கு நாடிய குழல்களில் பல, இலக்குச் சுடுவோர் தேடித்தேடி வாங்கிய ஹாரி போப்பின் கைவேலை. பள்ளத்தை ஒரே வீச்சில் தோண்டாமல், மயிரிழைக்கும் குறைவான அளவாகச் சுரண்டிச் சுரண்டி எடுத்த அந்த மனிதரின் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பெருகுகிறது.

குழலுக்கு அடுத்தபடி, தோட்டா அமரும் அறை குழலின் அச்சோடு பிசகாமல் பொருந்த வேண்டும். கட்டை ஈரத்தில் ஊறிப் பருத்துக் குழலைப் பக்கவாட்டில் அழுத்தக்கூடியது. அதனால்தான் குழலைக் கட்டை தொடாதபடி இடைவெளி விட்டு, உலோகம் பதியும் இடத்தில் மட்டும் எப்பாக்ஸி பிசின் இட்டு இறுகச் செய்கிறார்கள். விசை இழுப்பு இலகுவாக இருப்பது சுடுபவருக்கு உதவியே தவிர, குழலின் குறையைப் போக்காது.

வேட்டைக்கு மற்றொரு விசேஷம் உண்டு. மானின் இருதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறக்குறைய எட்டு அங்குல அகலம். நூறு கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும் ரைபிள், முந்நூறு கஜத்திலும் நாலரை அங்குலத்துக்குள் சேர்க்கும் என்று கொள்ளலாம். இதற்கு மேற்பட்ட நுட்பம் இலக்குப் போட்டிக்கே தேவை. வேட்டைக்காரருக்கு வேண்டியது, ஆறிய குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டு என்றும் ஒரே இடத்தில் படுவது. எனவே சூடேறிய குழலில் அடுத்தடுத்து ஐந்து வெடிகள் சுட்டு மகிழ்வதைவிட, வெவ்வேறு நாட்காலைகளில் ஒவ்வொரு வெடி மட்டும் அதே காகிதத்தில் சுட்டுப் பார்ப்பதே அந்த ரைபிளுக்கு ஏற்ற பரீட்சை.