விடைக்குப் பரிசு, தேடலுக்கு?

சிந்துவெளி எழுத்துகளின் புதிரை விடுவிப்போருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு வழங்கப்படும் என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சிந்துவெளிப் பண்பாட்டை ஜான் மார்ஷல் 1924இல் உலகுக்கு அறிவித்ததன் நூற்றாண்டையொட்டிச் சென்னையில் நடந்த கருத்தரங்கு அது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் பெயரில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஆய்விருக்கை அமைக்க ரூ.2 கோடி ஒதுக்கப்படும் என்ற அறிவிப்பும் அதே நிகழ்வில் வெளியானது. பரிசைப் பற்றி என்னிடம் பேசாத நண்பர் இல்லை. ஆய்விருக்கையைப் பற்றிப் பேசியவர் ஒருவரும் இல்லை. எனக்கோ இரண்டாவது அறிவிப்பே பெரிதாகத் தோன்றுகிறது. ஏன் என்பதைச் சொல்ல, ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட ஒரு புதிரிலிருந்து தொடங்க வேண்டும்.

கிரீட் தீவின் நோசஸ் என்ற இடத்தில் 1900இல் அகழாய்வைத் தொடங்கிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸுக்கு, எழுத்துகள் கீறப்பட்ட களிமண் பலகைகள் ஏராளமாகக் கிடைத்தன. அவ்வெழுத்துக்கு அவர் ‘லீனியர் பி’ என்று பெயரிட்டார். எழுத்தும் தெரியாது, அது குறிக்கும் மொழியும் தெரியாது. எகிப்திய எழுத்தைப் படிக்கத் துணைநின்ற ரொசெட்டா கல்லில் கிரேக்க வாசகமும் இருந்தது. இங்கே அப்படிப்பட்ட துணை எதுவும் இல்லை. ஆகவே ஊகங்கள் பெருகின. ஆளுக்கொரு மொழியைத் தேர்ந்துகொண்டு, அம்மொழியின் சொற்களைப் பலகைகளின் மீது ஏற்றிப் படித்தனர்.

அந்த வழியில் செல்ல மறுத்தவர் நியூயார்க் நகரின் புரூக்ளின் கல்லூரி ஆசிரியை ஆலிஸ் கோபர். எந்தக் குறிக்கு எந்த ஓசை என்று ஊகிப்பதை அவர் தள்ளிவைத்தார். ஒவ்வொரு குறியும் எங்கே வருகிறது, எதற்கு முன், எதற்குப் பின் வருகிறது என்பதை மட்டுமே பதிவுசெய்தார். போர்க்காலத்தில் காகிதம் கிடைக்காதபோது, பழைய வாழ்த்து அட்டைகளையும் துண்டறிக்கைகளையும் வெட்டி எழுதினார். சிகரெட் அட்டைப்பெட்டிகளில் அடுக்கப்பட்ட அந்தச் சீட்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,80,000.

இந்த வேலையால் என்ன பயன்? தமிழரான நமக்கு இது எளிதில் விளங்கும். ‘டு’, ‘டி’ ஆகிய எழுத்துகளைப் பார்த்தவுடனே இரண்டிலும் உள்ள மெய் ஒன்று என்பது வடிவத்திலேயே தெரிகிறது. அப்படித் தெரியாமல், ஒவ்வோர் ஓசைக்கும் தொடர்பற்ற தனிக்குறி உள்ள ஓர் எழுத்துமுறையை எண்ணிக்கொள்வோம். அதில் ‘ஓடு’, ‘ஓடி’ என்ற இரு சொற்களில் முதற்குறி மாறவில்லை, கடைசிக் குறி மட்டும் மாறுகிறது. ‘பேசு’, ‘பேசி’ என்பனவற்றிலும் அப்படியே. இம்மாற்றம் இலக்கணத்தால் நேர்வது என்று கொண்டால், ஓர் இணையின் கடைசிக் குறிகள் இரண்டும் ஒரே மெய்யைப் பெற்றவை. இரண்டு இணைகளிலும் ஒரே இடத்தில் வரும் குறிகள் ஒரே உயிரைப் பெற்றவை. எந்த மெய், எந்த உயிர் என்று தெரியாமலேயே குறிகளை ஓர் அட்டவணையில் அமர்த்திக்கொண்டு போகலாம். அரிச்சுவடியின் உயிர்மெய் அட்டவணையை ஓசைகளை நீக்கிவிட்டு வரைவது போன்ற வேலை அது.

அந்த அட்டவணையை விரித்து முடித்தவர் மைக்கேல் வென்ட்ரிஸ். தொழிலால் கட்டடக் கலைஞர். 1936இல், பதினான்கு வயதில், எவன்ஸின் பேச்சைக் கேட்டதிலிருந்து இப்புதிர் அவரை விடவில்லை. பலகைகளின் மொழி எட்ருஸ்கனுக்கு உறவானது என்றே அவர் நெடுங்காலம் நம்பினார். ஆனால், அட்டவணையின் சில குறிகளுக்குக் கிரீட் தீவின் ஊர்ப்பெயர்களைக் கொண்டு ஓசை கொடுத்துப் பார்த்தபோது, வெளிப்பட்ட சொற்கள் அவர் எதிர்பாராத ஒரு மொழியைச் சேர்ந்தவையாக இருந்தன. அது கிரேக்கம். தம் நம்பிக்கையைக் கைவிட்டுச் சான்றின் பக்கம் நின்ற அவர், 1952 ஜூலை 1 அன்று பிபிசி வானொலியில் அதை அறிவித்தார்.

மறு ஆண்டே அதற்கு ஓர் உரைகல் கிடைத்தது. பைலோஸ் என்ற இடத்தில் கிடைத்த புதிய பலகை ஒன்றைத் தொல்லியலாளர் கார்ல் பிளெகன், வென்ட்ரிஸ் தந்த ஓசைகளைக் கொண்டு படித்தார். முக்காலிக் கலத்தின் படத்துக்கு அருகே முக்காலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருந்தது. நான்கு பிடிகள் கொண்ட கலத்துக்கு அருகே நான்கு என்ற சொல்லும், மூன்று பிடிகள் கொண்டதற்கு அருகே மூன்று என்ற சொல்லும் இருந்தன. பிடியற்ற கலத்துக்கு அருகே பிடியற்றது என்றே எழுதியிருந்தது. வென்ட்ரிஸ் தம் அட்டவணையை உருவாக்கியபோது பார்த்திராத பலகை அது.

இதைக் காண ஆலிஸ் கோபர் இல்லை. 1950இல், தமது 43ஆம் வயதில் அவர் மறைந்திருந்தார். விடைக்கு மட்டும் பரிசு என்ற ஏற்பாடு அன்று இருந்திருந்தால், அவருடைய சீட்டுகளுக்கு அதில் ஒரு காசும் கிடைத்திருக்காது.

நம்மிடையே இந்த மரபைச் சேர்ந்தவர் ஐராவதம் மகாதேவன். இந்திய ஆட்சிப் பணி அலுவலர், பின்னர் நாளிதழ் ஆசிரியர். கல்வெட்டியல் அவருடைய தொழில் அன்று. தமிழகக் குகைகளில் காணப்படும் பிராமி எழுத்துகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் 1924இல் எடுத்துக்காட்டினார். அந்தத் தடத்தில் நடந்த மகாதேவன், புகளூர்க் கல்வெட்டில் சேர அரசர்களின் பெயர்களைப் படித்து, அவர்களைப் பதிற்றுப்பத்தின் தலைவர்களோடு இணைத்துக் காட்டியது 1965இல். தமிழ்-பிராமி குறித்த அவரது பெருநூல் வெளிவந்ததோ 2003இல். இடைப்பட்ட காலத்தில் மலை மலையாக ஏறி அவர் நேர்ப்படி எடுத்துக்கொண்டிருந்தார்.

சிந்துவெளி எழுத்திலும் அவர் முதலில் விடை தரவில்லை, அட்டவணை தந்தார். இந்தியத் தொல்லியல் துறை 1977இல் வெளியிட்ட அவரது தொகுப்பு, 417 குறிகளை இனங்கண்டு, ஒவ்வொன்றும் எந்தப் பொறிப்பில், எந்தக் குறிகளுக்கு நடுவே வருகிறது என்று அடைவுபடுத்தியது. ஒரு பொறிப்பில் சராசரியாக ஐந்து குறிகளே உள்ள, இருமொழி வாசகம் இல்லாத இவ்வெழுத்துக்கு அதைவிட அடிப்படையான கருவி இல்லை. அது திராவிட மொழி என்போரும் மறுப்போரும் அதே நூலைத்தான் திறக்கின்றனர். திராவிடச் சார்பைத் தாம் ஏற்றபோதிலும், எழுத்து முழுவதையும் படித்துவிட்டதாக மகாதேவன் ஒருபோதும் உரிமை கோரவில்லை.

இதையெல்லாம் எழுதும் தகுதி எனக்கு உண்டா என்ற கேள்வி எனக்கே உண்டு. நான் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் ஆய்வுத் தலைப்போடு வந்தார். அவருடைய தாத்தா சலவைத் தொழிலாளி. எந்த வீட்டுத் துணி எது என்று அறிய, சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் அவர் இடும் குறிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒரு குடும்பம் பிரிந்தால் குறியில் ஒரு புள்ளி கூடும். பள்ளிக்கூடம் போகாத ஒருவரிடம் இருந்த அந்தக் குறிமுறையைச் சுற்றுவட்டாரம் முழுவதும் தொகுக்க வேண்டும் என்றார் மாணவர்.

“இதிலிருந்து என்ன முடிவு கிடைக்கும்?” என்று கேட்டேன். அவரால் சொல்ல இயலவில்லை. முன்னோடி நூல் இல்லை, மேற்கோள் காட்ட ஆளில்லை, மூன்றாண்டில் முடியாது என்று அடுக்கினேன். பெயர்பெற்ற நாவலாசிரியர் ஒருவரின் பெண் பாத்திரங்களை ஆராய்ந்து அவர் பட்டம் பெற்றார். தாத்தா இறந்துபோனார். குறிகள் எதிலும் பதிவாகவில்லை. முடிவு என்ன என்று முன்கூட்டியே தெரிந்தால் அது ஆய்வே அல்ல என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அக்கறையோடு சொன்ன அறிவுரைதான் அது. நம் ஆய்வுக்குழுக்களும் நிதி நல்கும் அமைப்புகளும் இன்றும் அதே அக்கறையோடு அதே கேள்வியைத்தான் கேட்கின்றன. எதிர்பார்க்கும் முடிவுகளை விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்கிறோம். எவரும் போகாத பக்கம் போகிறவர் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவார்?

பரிசு கூடாது என்று நான் சொல்லவில்லை. அது இளைஞர்களின் கண்களைச் சிந்துவெளியின் பக்கம் திருப்பியிருக்கிறது. ஆனால், பரிசு கடைசியாக வந்து சேர்பவருக்கு உரியது. வழி அமைப்பவருக்குத் தேவை மாதச் சம்பளம், நூலகம், பத்தாண்டு அவகாசம், முடிவு வராவிட்டாலும் தொடரலாம் என்ற உறுதி. ஆய்விருக்கை அதைத் தரக்கூடும். ஆய்வுத் தலைப்பை ஏற்கும் இடங்களிலும் ஒரு கேள்வியை மாற்றலாம். ‘என்ன கண்டுபிடிப்பீர்கள்?’ என்பதற்குப் பதிலாக, ‘எதைப் பதிவுசெய்து விட்டுச் செல்வீர்கள்?’ என்று கேட்கலாம். அந்த மாணவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதற்கு அவரிடம் விடை இருந்தது.