டிராக்டருக்கு ஏற்ற என்ஜின் ஆயில்

கடனில் டிராக்டர் வாங்கும் சிறு விவசாயிக்கு, தவணை தீரும் வரையிலாவது என்ஜின் பெரிய செலவு வைக்காமல் ஓடவேண்டும். தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் இதற்கு ஒரு காப்பு. ஆனால் பொருந்தாத ஆயிலை ஊற்றியதாலோ, உரிய காலத்தில் ஆயிலை மாற்றாததாலோ வரும் பழுது உத்தரவாதத்தில் அடங்காது. பேரிங் தேய்ந்து, பிஸ்டன் இறுகிப்போன என்ஜினைப் பிரித்துச் சீர்செய்யும் செலவு முழுவதும் விவசாயியின் தலையில் விழும். எனவே ஆயில் வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தல் கூடாது.

இரண்டு குறிகள்

ஆயில் டப்பாவின் மேல் இரண்டு குறிகள் இருக்கும். முதலாவது எஸ்.ஏ.இ. எண். இது ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும். 15டபிள்யூ-40 என்பதில் முன் எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின் எண், என்ஜின் சூடேறிய பின் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கும். முன் எண் குறைந்தால் குளிரில் எளிதாக ஓடும். பின் எண் கூடினால் சூட்டில் கெட்டியாக நிற்கும்.

இரண்டாவது ஏ.பி.ஐ. தரம். இதில் 'சி' என்று தொடங்கும் குறி டீசல் என்ஜினுக்கும், 'எஸ்' என்று தொடங்கும் குறி பெட்ரோல் என்ஜினுக்கும் உரியவை. சி.எஃப்-4, சி.எச்-4, சி.ஐ-4, சி.கே-4 என்று எழுத்து முன்னேற முன்னேறத் தரமும் உயரும். சி.ஐ-4 கேட்கும் என்ஜினுக்குச் சி.எஃப்-4 ஊற்றுவது தவறு. கெட்டித்தன்மை ஒன்றாக இருப்பதாலேயே இரண்டு ஆயில்களும் ஒன்றாகிவிடா. கரியைத் தாங்குவதும் அமிலத்தை முறிப்பதும் தரத்தைப் பொறுத்தவை.

2023 ஜனவரியில், 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 'டிரெம் 4' புகை விதி நடைமுறைக்கு வந்தது. புகைக்கரி வடிகட்டி பொருத்திய என்ஜின்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலே ஏற்றது. மற்ற ஆயிலை ஊற்றினால் அதன் சாம்பல் சேர்ந்து வடிகட்டி அடைபடும்.

எந்த நிறுவன ஆயில்?

டிராக்டருடன் தரும் கையேடே இதற்கு விடை. தயாரிப்பாளர் பெயர் பொறித்த ஆயிலைத்தான் ஊற்றவேண்டும் என்று அதில் நிபந்தனை இருந்தால், உத்தரவாதக் காலம் முடியும் வரை அதையே வாங்கவேண்டும். எண்ணும் தரமும் மட்டும் கூறப்பட்டிருந்தால், அவற்றைக் கொண்ட வேறு நிறுவன ஆயிலும் பொருந்தும். ஐயம் இருந்தால் விற்பனையாளரிடம் எழுத்தில் பதில் பெற்றுக்கொள்வது நல்லது. திறந்த பீப்பாயிலிருந்து அளந்து தரும் ஆயிலையும், 'சக்தி கூட்டும்' என்று விற்கப்படும் கலவை மருந்துகளையும் தவிர்க்கவேண்டும்.

கியர் பெட்டி, ஹைட்ராலிக் ஆகியவற்றுக்கு உரிய எண்ணெய் வேறு. ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டரில் அங்கு மாற்று ஆயிலை ஊற்றினால் பிரேக் வழுக்கும், உயிருக்கே ஆபத்து.

மாற்றும் காலம்

மணி மீட்டரைப் பார்த்து ஆயிலை மாற்றவேண்டும். புதிய டிராக்டரின் முதல் மாற்றம் சீக்கிரமே வரும். உலோகத் துகள்கள் அப்போதுதான் அதிகம் உதிரும். ஆயிலுடன் பில்டரையும் மாற்றவேண்டும். தொளி உழவு, ரோட்டவேட்டர், கதிரடிப்பு போன்ற கடும் வேலைகளுக்குக் கையேட்டில் குறுகிய இடைவெளி கூறியிருந்தால் அதையே பின்பற்றவேண்டும்.

சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளவுகோலைப் பார்க்கவேண்டும். டீசல் என்ஜினில் ஆயில் கறுப்பது இயல்பு. கரியை அது தாங்கி நிற்பதன் அடையாளம். பால் போல் வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு கூடி நீர்த்திருந்தால் டீசல் கலந்திருக்கலாம். இவ்விரு நிலையிலும் என்ஜினை ஓட்டாமல் சர்வீஸ் நிலையத்திற்குத் தெரிவிக்கவேண்டும்.

சான்றுகள்

இலவச சர்வீஸில் பெரும்பாலும் கூலிதான் இலவசம். ஆயிலுக்குப் பணம் கட்டவேண்டும். அதை மிச்சப்படுத்த எண்ணி அந்தச் சர்வீஸைத் தவறவிட்டால் உத்தரவாதத்தை இழக்க நேரிடலாம். ஒவ்வொரு முறையும் தேதி, மணி மீட்டர் எண், ஆயிலின் குறி, அளவு ஆகியவற்றை ரசீதிலும் சர்வீஸ் புத்தகத்திலும் எழுதி வாங்கவேண்டும். காலி டப்பாவைக் கிழித்துவிட்டால் அதில் போலி ஆயில் நிரப்பி விற்க வழியில்லை.

சரியான ஆயில் ஊற்றியும் உத்தரவாதம் மறுக்கப்பட்டால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேட்கவேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சுயதொழிலாக, தம் பிழைப்புக்கு மட்டுமே டிராக்டர் வாங்கியவர், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோரே. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். அங்கே பேசுவது ரசீதுகள்தான்.

கழித்த ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டக்கூடாது. மூடிய டப்பாவில் சேர்த்து சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும்.