ஆணி அடிக்காத செருப்பு

காலில் முள் குத்தினால் வலிக்கும். அந்த வலியே தெரியாமல் போய்விட்டால் நல்லதுதானே என்கிறீர்களா?

கொல்லிமலையில் பிறந்து, லண்டனில் டாக்டருக்குப் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வேலைக்கு வந்தவர் பால் பிராண்ட். வெளிநாட்டு வேலை என்பதா, சொந்த மண்ணுக்குத் திரும்பினார் என்பதா, நீங்களே சொல்லுங்கள்! தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாவது சதை தானாக அழுகுவதால் அல்ல. உணர்ச்சி மரத்துப்போய், காயத்தோடேயே நடப்பதால்தான் என்று எடுத்துக்காட்டினார் அவர்.

அதற்கு மருந்து? செருப்பு!

வேலூர், ஆம்பூர் பக்கம் செருப்புக்கா பஞ்சம்? ஆனால் இது வேற ரகம். கட்டைவிரலால் அமுக்கினால் மெத்தென்று உள்வாங்கும் எம்.சி.ஆர். எனப்படும் மைக்ரோசெல்லுலார் ரப்பர். மருந்துக்குக்கூட ஓர் ஆணி கிடையாது. குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் உண்டு. ஏனென்றால், மரத்துப்போன காலுக்குச் செருப்பு கழன்றதுகூடத் தெரியாது.

இன்றைக்கு, கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் சொல்வதும் இதே எம்.சி.ஆர். செருப்பைத்தான். சர்க்கரை உள்ள நேயர்களே, இன்று ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.