சாத்தனூர் அணையின் இருபது கதவுகள்

திருவண்ணாமலை நகரத்துக்குக் குடிநீரும், தென்பெண்ணையின் இரு மருங்கிலுமுள்ள கிராமங்களுக்குப் பாசனமும் அளித்துவரும் சாத்தனூர் அணை, செங்கத்துக்குத் தெற்கே சென்னகேசவ மலைகளின் இடுக்கில் ஆற்றை மறித்து நிர்மாணிக்கப்பட்டு, காமராஜர் முதலமைச்சராக இருந்த 1958-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதன் முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. பெரிய அணைகளின் வரிசையில் வைத்தால் இது மிதமானதே எனினும், மழை பொய்க்கும் நம் வட்டாரத்துக்கு இதுவே ஜீவாதாரம்.

அணையைக் காணச் செல்வோர் சுவரின் கம்பீரத்தைப் பார்த்து வியக்கிறார்கள். அணையின் உயிர்நிலையோ வெள்ளத்தை வெளியேற்றும் மதகுகளிலும், அவற்றை அடைத்து நிற்கும் இருபது இரும்புக் கதவுகளிலுமே உள்ளது. 99 அடிக்கு மேல் நிற்கும் நீர் முழுவதையும் தாங்குபவை, ஷட்டர் என்று ஊரார் சொல்லும் அந்தக் கதவுகளே. மேலே போகப் போக நீர்ப்பரப்பு விரிவதால், மேல் 20 அடியில் தேங்கும் நீர், அடிவாரத்து 20 அடியில் தேங்குவதைப் போலப் பன்மடங்கு. இத்தனை பாரத்தைச் சுமக்கும் இரும்பின் ஒரு முகம் தண்ணீரிலும் மறுமுகம் வெயிலிலும் ஆண்டுக்கணக்காக நிற்கிறது. நீர்மட்டம் ஏறியிறங்கும் கோட்டில்தான் துரு முதலில் பற்றுகிறது. ஓரங்களில் கசிவைத் தடுக்கும் ரப்பர்ப் பட்டை காய்ந்து வெடிக்கிறது.

இந்த மூப்பின் அபாயத்தை, இதே ஆற்றில் மேலே இருக்கும் கிருஷ்ணகிரி அணை நமக்குப் பிரத்தியட்சமாகக் காட்டியது. 1957-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் எட்டு ஷட்டர்களில் முதலாவது, 2017 நவம்பர் 29-ஆம் நாள் உடைந்து, தேக்கிய நீர் பெருகி ஓடியது. உலக வங்கியின் கடனுதவியோடு தேசிய அளவில் 2012-இல் தொடங்கிய அணைகள் புனரமைப்பு மற்றும் மேம்பாட்டுத் திட்டம் எவ்வளவு அவசியமானது என்பது அப்போது பாமரருக்கும் விளங்கியிருக்கும். பின்னர் சாத்தனூரிலும், நீரை 99 அடிக்கு மேல் ஏறவிடாமல் வைத்துக்கொண்டு, இருபது கதவுகளும் புதிதாக மாற்றப்பட்டன. அந்தக் காலத்தில் நீர் குறைந்தது குறித்து உழவர்கள் வருந்தியது நியாயமே. ஆயினும் அந்தத் தியாகம் வீண்போகவில்லை.

கதவு உறுதியாயிருந்தால் மட்டும் போதாது. வரக்கூடிய பெருவெள்ளம் எவ்வளவு என்ற கணக்கும் சரியாயிருக்க வேண்டும். குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை விநாடிக்குச் சுமார் 5,660 கன மீட்டர் வெள்ளத்துக்கென வடிவமைக்கப்பட்டது. 1979 ஆகஸ்டு 11-இல் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வந்து, மண்கரையின் மேலே வழிந்து, கரையையே கரைத்து, மோர்பி நகரத்தை அழித்தது. மறுபடி கட்டியபோது வெள்ளம் போகும் வழியைப் பன்மடங்கு பெரிதாக்கினார்கள். பழைய அணைகள் யாவற்றுக்கும், பெய்யக்கூடிய அதிகபட்ச மழையை வைத்து வெள்ளத்தை மீண்டும் கணிக்கும் வழக்கம் இத்தகைய விபத்துகளின் பாடத்தால் வலுப்பெற்றது.

சாத்தனூருக்கும் சோதனை வந்தது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பின், அணைக்கு மேற்புறத்திலுள்ள ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதே மழையில்தான் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து எழுவர் உயிரிழந்தார்கள். டிசம்பர் 2 விடியற்காலையில், நிறைந்திருந்த அணையிலிருந்து விநாடிக்குச் சுமார் 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அணை அசையவில்லை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்களோ வெள்ளத்தில் மூழ்கின.

என் அபிப்பிராயம் இதுதான்: ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அணையில் சில அடிகளைக் காலியாக விட்டுவைப்பது விரயமாகாது; அந்த வெற்றிடமும் ஒரு சேமிப்பே. ஊத்தங்கரையில் பெய்த மழை பாம்பாற்றின் வழியாக அணைக்கு வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கும். மேல்பகுதி மழைமானிகளின் கணக்கை உடனுக்குடன் பெற்று, முன்கூட்டியே சிறிது சிறிதாக நீரை விட்டு, திருக்கோவிலூர் முதல் கடலூர் வரை கரையோரத்தில் இருப்பவர்களுக்குப் பகல் வெளிச்சம் இருக்கும்போதே செய்தி சொல்லிவிட்டால், நள்ளிரவில் அவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட நேராது.