ஜோகூரில் ஒரு விடுமுறை வீடு: விலைப் பட்டியலில் இல்லாத விலைகள்

சனிக்கிழமை காலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைப் பார்ப்பவர்களுக்கு, சிங்கப்பூரில் பாதிப் பேர் ஜோகூருக்குக் கிளம்பிவிட்டார்களோ என்று தோன்றும். சாமான் வாங்கப் போகிறவர்கள், முடி வெட்டிக்கொள்ளப் போகிறவர்கள், மாசாயிலோ கூலாயிலோ இருக்கும் அத்தை வீட்டுக்குப் போகிறவர்கள் என்று வரிசை நீளும். மாலையில் திரும்பி வரும்போது சிலரது கையில் சாமான் பையோடு வழவழப்பான ஒரு விளம்பரப் புத்தகமும் இருக்கும். கடலைப் பார்த்த பால்கனி, நீச்சல் குளம், பிள்ளைகள் ஓடியாடப் புல்தரை. விலை 10 லட்சம் ரிங்கிட். சிங்கப்பூர் வெள்ளியில் கணக்குப் போட்டால், இங்கே ஒரு கொண்டோமினிய வீட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

"வாரக் கடைசியில் போய்த் தங்கலாம். ஓய்வு பெற்ற பிறகு அங்கேயே இருந்துவிடலாம்" என்று அன்றிரவு வீட்டில் பேச்சு தொடங்கும். அந்த ஆசையில் தவறில்லை. ஜோகூரில் வீடு வாங்கி நிம்மதியாகப் போய்வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டில் வாங்கும் வீடு, சுவரும் கூரையும் மட்டும் கொண்டதல்ல. அதை வாங்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும். அங்கே போய்த் தங்க அனுமதி வேண்டும். விற்றால் அதற்கும் தனி விதிகள் உண்டு. அனுமதி தருகிறவர்கள் விதியை மாற்றலாம். ஜோகூரின் கடந்த 20 ஆண்டு வரலாறே இதற்குச் சாட்சி.

மாநிலத்தின் கையில் நிலம்

மலேசியாவில் நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 433பி பிரிவுப்படி, வெளிநாட்டவர் ஒருவர் நிலமோ வீடோ வாங்க மாநில அதிகாரத்தின் முன் அனுமதி பெற வேண்டும். மலாய் ஒதுக்கீட்டு நிலம், பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கப்பட்ட வீடுகள், மாநிலம் குறிப்பிடும் மலிவு விலை, நடுத்தர விலை வீடுகள் ஆகியவற்றை வெளிநாட்டவர் வாங்கவே முடியாது.

இதற்கு மேல் குறைந்தபட்ச விலை என்று ஒன்று உண்டு. ஜோகூரில் வெளிநாட்டவர் வாங்கக்கூடிய வீட்டின் குறைந்தபட்ச விலை முன்பு 5 லட்சம் ரிங்கிட்டாக இருந்தது. 2014 மே மாதம் முதல் அது 10 லட்சமானது. அதே ஆண்டில் மாநிலம் வசூலிக்கும் தீர்வையும் விலையில் 2 விழுக்காடாக நிர்ணயிக்கப்பட்டது. மெடினி போன்ற சில இடங்களுக்கு விலக்கு தரப்பட்டது. ஒரே ஊரில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் வேறு விதி என்பதால், விற்பனை முகவர் சொல்வதை அப்படியே நம்பாமல் நில அலுவலகத்தில் வழக்கறிஞர் மூலம் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை.

இந்த இடத்தில்தான் நம்மவர்களுக்கே உரிய ஒரு குறுக்குவழி வந்து சேரும். "எதுக்குண்ணே பத்து லட்சம்? அஞ்சு லட்சத்துல நல்ல வீடு இருக்கு. என் பேருல வாங்கிப் போடுவோம், சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்பார் ஜோகூரில் இருக்கும் சித்தப்பா மகன். நல்ல மனத்தோடுதான் சொல்வார். ஆனால் பட்டாவில், அதாவது அங்கே எல்லாரும் சொல்லும் 'கிராண்டில்', யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். அவர் கடனில் சிக்கினால் வீடு கடன்காரர்களுக்குப் போகலாம். அவர் காலமானால் வீடு அவருடைய மனைவி மக்களுக்குப் போகும். தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தாலும், சட்டம் கேட்கும் அனுமதியைத் தவிர்ப்பதற்காக எழுதப்பட்ட தாள் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். பணமும் போய் உறவும் முறிவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

10 லட்சம் ரிங்கிட் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டவர் பெயருக்கு வீட்டை மாற்றும்போது செலுத்தும் முத்திரைத் தீர்வை 2024இல் ஒரே விகிதமாக 4 விழுக்காடு ஆக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில், குடியிருப்பு வீடுகளுக்கு அது 8 விழுக்காடாக உயர்த்தப்பட்டு, 2026 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. ஆக 80,000 ரிங்கிட். மாநிலத் தீர்வையை 2 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும் இன்னொரு 20,000. ஒரு நாற்காலி வாங்குவதற்கு முன்பே ஒரு லட்சம் ரிங்கிட் போய்விடுகிறது. வழக்கறிஞர் கட்டணம், கடன் பத்திரச் செலவு எல்லாம் இதற்கு மேல்.

மாதச் செலவும் உண்டு. ஆயிரம் சதுர அடி வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 35 சென் என்று கொண்டால் மாதம் 350 ரிங்கிட். பழுதுபார்ப்புச் சேமநிதிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. ஆண்டுக்கு 4,620 ரிங்கிட் ஆகிறது. பூட்டிக் கிடந்தாலும் கட்டித்தான் ஆகவேண்டும். நில வரி, மதிப்பீட்டு வரி தனி. வணிக நிலத்தில் எழுந்த சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்றால் மின்சார, தண்ணீர்க் கட்டணங்களும் கூடுதலாக இருக்கலாம்.

"நாம் போகாத நாட்களில் வாடகைக்கு விட்டுவிடலாமே" என்று கேட்கலாம். கட்டடத்தின் உட்விதிகளைப் படித்துவிட்டு அதைச் சொல்ல வேண்டும். கோலாலம்பூர் மோண்ட் கியாராவில் உள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பற்றிய வழக்கில், நாள் வாடகைக்கு விடுவதைத் தடைசெய்ய நிர்வாகக் கழகத்துக்கு உரிமை உண்டு என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அண்டை வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடி வேண்டாம் என்றால் அந்த வருமானத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

நான்கு தீவுகளின் கதை

அரசாங்க முடிவு ஒன்று வீட்டின் மதிப்பை என்ன செய்யும் என்பதற்கு, துவாஸுக்கு எதிர்க்கரையில் எழுந்த ஃபாரஸ்ட் சிட்டியே பெரிய பாடம். சீனாவின் கண்ட்ரி கார்டன் நிறுவனம் ஜோகூர்த் தரப்புடன் சேர்ந்து கடலைத் தூர்த்து நான்கு செயற்கைத் தீவுகளில் 7 லட்சம் பேர் வாழும் நகரை அமைக்கத் திட்டமிட்டது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் சீனாவைச் சேர்ந்தவர்கள். விமானத்தில் வந்து, மாதிரி வீட்டைப் பார்த்து, முன்பணம் கட்டிவிட்டுப் போனார்கள்.

அடி முதலில் மலேசியாவிலிருந்து விழவில்லை. 2016 இறுதியில் சீன அரசாங்கம் நாட்டை விட்டுப் பணம் வெளியேறுவதை இறுக்கியது. ஒருவர் ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய 50,000 அமெரிக்க டாலரை வெளிநாட்டு வீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது கண்டிப்பாக்கப்பட்டது. முன்பணம் கட்டியவர்கள் அடுத்த தவணையை அனுப்ப வழி தெரியாமல் தவித்தார்கள். 2017இல் சீனாவில் இருந்த விற்பனைக் கூடங்கள் மூடப்பட்டன. 2018 ஆகஸ்டில், அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் முகமது, அந்த நகரில் வெளிநாட்டவர் வீடு வாங்க அனுமதி இல்லை, குடியிருக்க விசாவும் இல்லை என்ற பொருளில் பேசினார். வீடு வாங்குவதால் மட்டும் நாட்டில் தங்கும் உரிமை தானாக வந்துவிடாது என்று பிறகு விளக்கம் தரப்பட்டது. ஆனாலும் வாங்கியவர்களின் கலக்கம் தீரவில்லை.

அதன்பின் கொள்ளைநோய் வந்தது. 2023 அக்டோபரில் கண்ட்ரி கார்டன் தன் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் செலுத்தத் தவறியது. நான்கு தீவுகளில் முதல் தீவின் ஒரு பகுதியில்தான் கட்டடங்கள் எழுந்திருந்தன. 'பேய் நகரம்' என்று உலகப் பத்திரிகைகள் பெயர் வைத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் அன்வார் இப்ராகிம் அதைச் சிறப்பு நிதி மண்டலமாக்குவதாக அறிவித்தார். 2024 செப்டம்பரில் வரிச் சலுகைகளும் அறிவிக்கப்பட்டன. கதவை மூடியதும் அரசாங்க முடிவு, மறுபடி திறந்ததும் அரசாங்க முடிவு. வீடு வாங்கியவர்கள் இடையில் எதுவும் செய்ய முடியாமல் காத்திருந்தார்கள்.

இரண்டு ஆண்டு பூட்டிய வீடு

"அது தூரத்திலிருந்து வந்த சீனர்களின் கதை, நமக்கு ஒரு பாலம்தானே" என்று சிலர் சொல்லக்கூடும். அந்தப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாள்தோறும் 3 லட்சம் பேருக்கு மேல் கடக்கும் எல்லை அது. அந்த எல்லை 2020 மார்ச் 18 அன்று, மலேசியாவின் நடமாட்டக் கட்டுப்பாட்டோடு மூடப்பட்டது. அந்த ஆகஸ்டில் வேலைக்காகவும் அரசாங்க, வணிக அலுவலுக்காகவும் சிலர் மட்டும் போக வழி செய்யப்பட்டது. விடுமுறை வீட்டுக்காரருக்கு அதில் இடமில்லை. 2021 நவம்பரில் தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்துப் பயணம் தொடங்கி, 2022 ஏப்ரல் 1 அன்றுதான் எல்லை முழுதாகத் திறந்தது. பால்கனியில் வைத்த செடி வாடியதைக்கூட வாட்ஸ்அப் படத்தில்தான் பார்க்க முடிந்தது. பராமரிப்புக் கட்டணச் சீட்டு மட்டும் தவறாமல் வந்தது.

எல்லை திறந்திருக்கும் காலத்திலும் நேரம் ஒரு செலவுதான். உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையிலான ஆர்டிஎஸ் ரயில், 4 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச் செல்லும் வகையில் திட்டமிடப்பட்டது. அது நகர மையத்தில் இருப்பவருக்குப் பெரிய உதவி. ஆனால் இஸ்கந்தர் புத்ரியிலோ தெசாருவிலோ வாங்கிய வீட்டுக்கு, ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் பயணமே தொடங்குகிறது. 'ரயில் வருகிறது, விலை ஏறும்' என்று விளம்பரம் செய்கிறவர்கள், கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக ரயிலைக் காட்டியும் ஒரு காலத்தில் அப்படித்தான் விற்றார்கள். அந்த உடன்பாடு 2020 டிசம்பர் 31 அன்று காலாவதியானது.

தங்கும் உரிமையும் இப்படித்தான் ஏறி இறங்குகிறது. 2002இல் தொடங்கிய 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டத்தில் 10 ஆண்டு அனுமதி தரப்பட்டது. 2021இல் விதிகள் திடீரெனக் கடுமையாக்கப்பட்டு, மாத வருமானம் 40,000 ரிங்கிட், வைப்புத்தொகை 10 லட்சம் ரிங்கிட் என்று ஆனது. அப்போதைய ஜோகூர் சுல்தானே அதை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். 2024இல் மறுபடி மாற்றி, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பிரித்தார்கள். வெள்ளிப் பிரிவுக்கு ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, குறைந்தது 6 லட்சம் ரிங்கிட் வீடு. கூட்டரசு 6 லட்சம் என்றாலும், மாநிலத்தின் குறைந்தபட்ச விலை அதைவிட அதிகமென்றால் மாநிலத்தின் விலையே செல்லும். சிறப்பு மண்டலத்தில் வாங்குவோருக்கு வைப்புத்தொகை குறைவு: 50 வயதைத் தாண்டியவருக்கு 32,000 டாலர், மற்றவருக்கு 65,000 டாலர். ஆனால் இத்திட்டத்தில் வாங்கும் வீட்டை 10 ஆண்டு விற்க முடியாது.

ரிங்கிட்டில் லாபம், வெள்ளியில் நட்டம்

விற்கும் நாளைப் பற்றி வாங்கும் நாளில் யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டவர் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால், லாபத்தில் 30 விழுக்காடு வரி. ஆறாம் ஆண்டு முதல் 10 விழுக்காடு.

2014இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறத்தாழ 2.60 ரிங்கிட் கிடைத்தது. அப்போது 10 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்கியவர் கொடுத்தது சுமார் 3,85,000 வெள்ளி. 2024 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 3.50 ரிங்கிட். அவர் அப்போது வீட்டை 11 லட்சம் ரிங்கிட்டுக்கு விற்றிருந்தால் கையில் வருவது சுமார் 3,14,000 வெள்ளி. 70,000 வெள்ளி நட்டம். ஆனால் மலேசிய வரித்துறையின் கணக்கில் அவருக்கு ஒரு லட்சம் ரிங்கிட் லாபம்! கழிவுகள் போக மிஞ்சியதற்கு வரியும் கட்ட வேண்டும். ரிங்கிட் வலுத்தால் இதே கணக்கு அவருக்குச் சாதகமாகத் திரும்பும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஓய்வுக்காலச் சேமிப்பை அந்த நம்பிக்கையில் வைக்கலாமா என்பதே கேள்வி.

சிங்கப்பூரின் பக்கமும் விதிகள் உண்டு. மத்திய சேம நிதிப் பணத்தை வெளிநாட்டு வீட்டுக்குப் பயன்படுத்த முடியாது. வீவக வீட்டில் இருப்பவர் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியும் முன் வெளிநாட்டில் வீடு வாங்கக் கூடாது. புதிய வீவக வீட்டுக்கு விண்ணப்பிப்பவர் வெளிநாட்டிலும் வீடு வைத்திருக்கக் கூடாது, கடந்த 30 மாதங்களில் விற்றிருக்கவும் கூடாது. மகனுக்குத் திருமணம் ஆகப்போகிறது என்று அவன் பெயரையும் ஜோகூர் வீட்டுப் பத்திரத்தில் சேர்க்கும் பெற்றோர், அவனுடைய முதல் வீட்டுக்குத் தாங்களே தடை போட்டுவிடக் கூடும்.

இவ்வளவும் தெரிந்தபின்னும் வாங்க விரும்புகிறவர்கள், அதே கட்டடத்தில் ஒரு வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். எத்தனை வாரக் கடைசி உண்மையில் போனோம், பாலத்தில் எத்தனை மணி நேரம் நின்றோம், மின்தூக்கி எத்தனை முறை நின்றது, பக்கத்து வீடுகளில் இரவில் விளக்கு எரிகிறதா என்று சமையலறை நாள்காட்டியில் குறித்து வைக்கட்டும். அதற்குப் பிறகும் வாங்கினால், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள சொத்துகளைக் குறிப்பிட்டு உயில் எழுதி வைப்பது நல்லது. சிங்கப்பூர் நீதிமன்றம் தரும் உயில் ஆணையை மலேசிய உயர் நீதிமன்றத்தில் மறுமுத்திரை பெற்ற பிறகுதான் அங்குள்ள வீடு பிள்ளைகளின் பெயருக்கு மாறும். வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வைக்கவும் வேண்டும்.