பிரவுசர் போச்சு, பக்கம் என்னாச்சு?

குட்டீஸ்... சிவகாசியில் அச்சான காலண்டர், ஆலங்குளத்து வீட்டிலும், டில்லி வீட்டிலும் ஒரே மாதிரிதான் தொங்கும். இணையப் பக்கம் அப்படியல்ல! 'இங்கே எழுத்து, அங்கே பட்டன்' என்ற குறிப்புகள்தான் உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். அதைப் படித்து, திரையில் வரைவது பிரவுசர். ஒவ்வொரு பிரவுசரும் கொஞ்சம் வேறு மாதிரி வரையும், வம்பே அதில்தான்!

1995ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மட்டுமே பொருந்தும்படி பலர் பக்கங்களை எழுதி வைத்திருந்தனர். 2023 பிப்ரவரி 14ல் மைக்ரோசாப்ட், ஓர் அப்டேட் மூலம் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அதை நிரந்தரமாக நிறுத்தியது. புது பிரவுசரில் அந்தப் பக்கங்களைத் திறந்தால், பட்டனை அழுத்தினாலும் வேலை நடக்காது, பாவம், எழுதியவர்கள்!

பழைய பக்கங்களுக்காகவே எட்ஜ் பிரவுசரில் ஒரு வசதி உண்டு. 2029 வரையாவது அது இருக்குமாம். அதற்குள் பக்கங்களைத் திருத்தி, குரோம், பயர்பாக்ஸ், சபாரி என எல்லாவற்றிலும் திறந்து பார்த்தாக வேண்டும்.

நீங்களும் ஒரே பக்கத்தை இரண்டு பிரவுசரில் திறந்து, வித்தியாசம் கண்டுபிடியுங்களேன்!